ஆலன் டிராமெல்: இருபது ஆண்டுகள் டெட்ராய்ட்டில் ஆடிய ஷார்ட்ஸ்டாப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலன் டிராமெல் யார்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 1977 முதல் 1996 வரை இருபது சீசன்கள் ஆடியவர் ஆலன் டிராமெல். அந்த இருபதையும் டெட்ராய்ட் டைகர்ஸ் என்ற ஒரே அணிக்காகவே ஆடினார். டெட்ராய்ட்டின் நீண்ட வரலாற்றில் அவருக்கு முன் இருபது சீசன்களைத் தொட்டவர்கள் டை காப், ஆல் கேலைன் ஆகிய இருவர் மட்டுமே. 2,293 ஆட்டங்களில் 2,365 ஹிட்டுகள் (பந்தை அடித்துப் பேஸ் எனும் நிலையைப் பத்திரமாகச் சேர்தல்), 185 ஹோம் ரன்கள் (மைதான எல்லையைத் தாண்டும் அடிகள்), 236 பேஸ் திருட்டுகள் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்தல்), .285 பேட்டிங் சராசரி, சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருதுகள் நான்கு, வேர்ல்டு சீரீஸ் எனும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது ஒன்று என்று அவருடைய கணக்கு நீள்கிறது. இவ்வளவு இருந்தும், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பில் பதினைந்து ஆண்டுகள் அவருடைய பெயர் இடம்பெற்று, பதினைந்து முறையும் தோற்றது. குறைத்து மதிப்பிடப்பட்ட வீரர் என்று அவரைச் சொல்வதற்கு முதல் ஆதாரம் இதுதான்.

பேஸ்பால் அதிகம் பார்த்ததில்லை. ஷார்ட்ஸ்டாப் என்றால் என்ன?

இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் நிற்கும் ஃபீல்டர் அவர். பெரும்பாலான பேட்டர்கள் வலது கைக்காரர்கள் என்பதால், அவர்கள் இழுத்து அடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி இவரை நோக்கியே வரும். தரையோடு சீறி வரும் பந்தை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பேட்டருக்கு முன்னால் அது முதல் பேஸைச் சேரும்படி எறிய வேண்டும். பல நேரங்களில் அந்த எறிதல் நாற்பது மீட்டர் அளவுக்கு நீளும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள், ஒவ்வொரு பந்துக்கும் ரன் அவுட் செய்தாக வேண்டிய கவர் ஃபீல்டரை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலையின் கடுமை ஓரளவு புரியும்.

இத்தனை கடினமான இடம் என்பதால், 1980-களின் தொடக்கம் வரை ஷார்ட்ஸ்டாப்பிடம் பேட்டிங்கை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஒல்லியாக, வேகமாக, கை சுத்தமாக இருந்தால் போதும், சராசரி .240 இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே அணிகளின் நிலை. டிராமெலின் மதிப்பைக் கணக்கிடும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது.

அவர் எங்கிருந்து வந்தார்?

1958 பிப்ரவரி 21 அன்று கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவ் நகரில் பிறந்து, சான் டியாகோவில் வளர்ந்தார். அங்குள்ள கர்னி உயர்நிலைப் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தவரை புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1976 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் டைகர்ஸ் எடுத்தது. மறு ஆண்டே அலபாமாவின் மாண்ட்கமரி அணிக்காக, பெரிய லீக்கிற்கு இரண்டு படி கீழே உள்ள சதர்ன் லீக்கில் ஆடி, அந்த லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 19. 1977 செப்டம்பர் 9 அன்று, பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், ஒரே நாளில் நடந்த இரு ஆட்டங்களில் இரண்டாவதில் மேஜர் லீக்கில் அறிமுகமானார்.

லூ விட்டேகரின் பெயரை ஏன் எப்போதும் அவரோடு சேர்த்தே சொல்கிறார்கள்?

அதே நாளில், அதே ஆட்டத்தில், இரண்டாம் பேஸில் அறிமுகமானவர் லூ விட்டேகர். வர்ஜீனியாவைச் சேர்ந்த விட்டேகர் அதுவரை மூன்றாம் பேஸ் வீரராக ஆடிவந்தவர். டைகர்ஸ் நிர்வாகம் அவரை இரண்டாம் பேஸுக்கு மாற்றி, டிராமெலோடு ஜோடி சேர்த்து, மாண்ட்கமரியில் ஒரு சீசன் முழுவதும் ஒன்றாக ஆடவிட்டுப் பழக்கியது. இருவரும் தங்கள் முதல் மேஜர் லீக் வாய்ப்பிலேயே ஹிட் அடித்தார்கள். அதன் பிறகு 1995 வரை 1,918 ஆட்டங்களில் அவர்கள் சேர்ந்து ஆடினார்கள். மேஜர் லீக்கின் இரு பாதிகளுள் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் இரு அணித்தோழர்கள் சேர்ந்து ஆடியதில் அதற்கு முன் இருந்த சாதனையை அது முறியடித்தது. மேஜர் லீக் வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்த டபுள் பிளே ஜோடி வேறில்லை.

டபுள் பிளே என்பது ஒரே பந்தில் இருவரை வெளியேற்றுவது. முதல் பேஸில் ஓர் ஓட்டக்காரர் இருக்கும்போது பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் வருகிறது. அவர் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். அங்கே வந்து சேரும் கூட்டாளி, தன் காலை நோக்கிச் சறுக்கி வரும் ஓட்டக்காரரைத் தவிர்த்தபடியே பந்தை முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்புகிறார். இவையெல்லாம் நான்கு வினாடிகளுக்குள் முடிய வேண்டும். எறிபவர் பந்தை எந்த உயரத்தில் கொடுத்தால் வாங்குபவரின் கை அடுத்த எறிதலுக்குத் தானாகவே திரும்பும் என்பது ஒரு சீசனில் கற்றுக்கொள்கிற விஷயமன்று. டிராமெல் மார்பு உயரத்தில் கொடுப்பார், விட்டேகர் பார்க்காமலே திரும்புவார். இந்த இணக்கம் மிக இயல்பாகத் தெரிந்ததாலேயே, இருவரையும் ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம் எழுத்தாளர்களிடம் வந்துவிட்டது. தனித்தனியே ஒவ்வொருவரின் மதிப்பு என்ன என்ற கேள்வியைப் பலர் எழுப்பவே இல்லை.

ஃபீல்டராக அவர் உண்மையில் எவ்வளவு சிறந்தவர்?

1980, 1981, 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கன் லீக் ஷார்ட்ஸ்டாப்புகளுக்கான கோல்டு குளோவ் விருது அவருக்குக் கிடைத்தது. ஷார்ட்ஸ்டாப்பாக மட்டும் 2,100-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நின்றிருக்கிறார்.

அவரிடம் பாய்ச்சலும் குட்டிக்கரணமும் குறைவு. பேட்டரையும் பந்து வீசும் பிட்சரையும் படித்து, பந்து வரக்கூடிய இடத்தில் முன்கூட்டியே நிற்பது, இரண்டு கைகளாலும் பந்தை எடுப்பது, எடுத்த வேகத்திலேயே எறிவது, எறிந்தது முதல் பேஸ் வீரரின் கையுறையைத் தேடிச் செல்வது ஆகியவையே அவருடைய திறமைகள். தோளின் பலம் சுமார்தான். பந்தைக் கையை விட்டு விரைவாக விடுவித்து அதை ஈடுகட்டினார். தொலைக்காட்சியின் மறுஒளிபரப்புக்கு இப்படிப்பட்ட ஆட்டம் தீனி போடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் செயின்ட் லூயிஸ், டொரான்டோ போன்ற பல மைதானங்களில் செயற்கைப் புல்தரை இருந்தது. அதில் பந்து சீராகத் துள்ளும் என்பதால் ஷார்ட்ஸ்டாப் பின்னால் தள்ளி நின்று அகலமான பரப்பைக் காக்க முடியும். டிராமெலின் பாதி ஆட்டங்கள் டைகர் ஸ்டேடியத்தின் இயற்கைப் புல்லிலும் மண்ணிலும் நடந்தன. அங்கே பந்தின் கடைசித் துள்ளலை யாராலும் உறுதியாகக் கணிக்க முடியாது.

பேட்டிங்கில் அவருடைய தரம் என்ன?

ஏழு சீசன்களில் .300 அல்லது அதற்கு மேல் சராசரி வைத்திருந்தார். பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவரே தேர்ந்த பேட்டர் என்பதை அறியாதவர்களுக்கு .300 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு ஷார்ட்ஸ்டாப் அதை ஏழு முறை செய்வது அரிது. தொடக்கத்தில் இரண்டாம் இடத்தில் இறங்கி, விட்டேகர் பேஸுக்குச் சென்ற பிறகு அவரை முன்னகர்த்தும் வேலையைச் செய்தார். பின்னர் உடல் வலுவடைந்து ஹோம் ரன்களும் வரத் தொடங்கின. 1986-இல் 21 ஹோம் ரன்களும் 25 பேஸ் திருட்டுகளும் ஒரே சீசனில் வந்தன.

மைதானங்களின் அளவையும் அந்தந்த ஆண்டின் லீக் சராசரியையும் சரிக்கட்டிக் கணக்கிடும் ஓ.பி.எஸ். பிளஸ் என்ற அளவீட்டில் 100 என்பது சராசரி பேட்டரின் மதிப்பு. டிராமெலின் வாழ்நாள் மதிப்பு 110. இதே அளவீட்டில் கால் ரிப்கனின் மதிப்பு 112. ரிப்கனைப் பெரிய பேட்டர் என்றும் டிராமெலை நல்ல ஃபீல்டர் என்றும் நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் நம்ப முடியாததாகவே இருக்கும்.

குறைகளும் உண்டு. அவருடைய வரைபடம் சீரானதல்ல. 1981, 1982, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருடைய சராசரி ஒரே எண்ணாக .258-இல் நின்றது விசித்திரமான ஒற்றுமை. 1989-இல் .243-க்கு இறங்கினார். ஒரு நல்ல ஆண்டுக்குப் பின் ஒரு மந்தமான ஆண்டு வந்ததால், 'இவர் உச்சத்தில் இருக்கிறார்' என்று ரசிகர்கள் பழகும் முன்பே அந்த உச்சம் கலைந்துவிட்டது.

1984 வேர்ல்டு சீரீஸில் என்ன செய்தார்?

அந்த ஆண்டு ஸ்பார்க்கி ஆண்டர்சனின் பயிற்சியில் டைகர்ஸ் முதல் 40 ஆட்டங்களில் 35-ஐ வென்று, சீசனை 104 வெற்றிகளோடு முடித்தது. தோள் வலியால் நடுவில் சில வாரங்களை இழந்தாலும் டிராமெலின் சராசரி .314 ஆக இருந்தது. இறுதித் தொடரில் எதிரணி சான் டியாகோ பாட்ரெஸ், அதாவது அவர் வளர்ந்த ஊரின் அணி.

அக்டோபர் 13 அன்று டெட்ராய்ட்டில் நடந்த நான்காவது ஆட்டம் அவருடைய வாழ்க்கையில் மிக அதிகமாகப் பேசப்படும் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் விட்டேகர் பேஸில் நிற்க, பாட்ரெஸ் பிட்சர் எரிக் ஷோவின் பந்தை டிராமெல் இடது பக்கப் பார்வையாளர்களிடையே அனுப்பினார். மூன்றாம் இன்னிங்ஸில் மீண்டும் விட்டேகர் பேஸில், மீண்டும் ஷோ, மீண்டும் டிராமெலின் ஹோம் ரன். டைகர்ஸ் அன்று எடுத்த ரன்கள் மொத்தமே நான்கு, அந்த நான்கும் இந்த இரண்டு அடிகளில் வந்தவை. ஜாக் மோரிஸ் முழு ஆட்டத்தையும் தானே வீசி முடிக்க, 4-2 என்று டைகர்ஸ் வென்றது. தொடர் 4-1 என்று முடிந்தபோது டிராமெலின் கணக்கு 20 வாய்ப்புகளில் 9 ஹிட், சராசரி .450, ரன் ஈட்டல் (அவருடைய ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள்) 6. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

ஆனாலும் 1984 என்றால் பலருடைய நினைவுக்கு முதலில் வருவது, ஐந்தாவது ஆட்டத்தில் கூஸ் கோசேஜின் பந்தை மேல்தளத்துக்கு அடித்துவிட்டு இரு கைகளையும் உயர்த்திக் குதித்த கர்க் கிப்சன்தான். அது மறக்கக்கூடிய காட்சியன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

1987-ஐ அவருடைய மிகச் சிறந்த ஆண்டு என்று ஏன் சொல்கிறார்கள்?

அந்த ஆண்டுக்கு முன் கேட்ச்சர் லேன்ஸ் பாரிஷ் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்றுவிட்டார். வரிசையில் நான்காவதாக இறங்கி ரன் குவிக்க வேண்டிய இடம் காலியானது. வழக்கமாக உடல் பருத்த முதல் பேஸ் வீரரோ அவுட்ஃபீல்டரோ நிற்கும் அந்த இடத்துக்கு ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது தன் ஷார்ட்ஸ்டாப்பை. டிராமெல் .343 சராசரி, 205 ஹிட், 28 ஹோம் ரன், 105 ரன் ஈட்டல், 109 ரன், 21 பேஸ் திருட்டு என்று பதில் சொன்னார். முதல் 30 ஆட்டங்களில் 11 மட்டுமே வென்றிருந்த டைகர்ஸ் 98 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

கடைசிப் பதினொரு நாட்களில் டெட்ராய்ட்டும் டொரான்டோ புளூ ஜேஸும் ஏழு முறை மோதின. ஏழு ஆட்டங்களும் ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்தன. முதல் மூன்றை டொரான்டோ வென்று மூன்றரை ஆட்டங்கள் முன்னிலை பெற்றது. அதன் பிறகு டொரான்டோ அந்தச் சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. தொடர்ந்து ஏழு தோல்விகள். அக்டோபர் 3, சனிக்கிழமை, இரு அணிகளும் சமநிலையில் நின்றபோது ஜாக் மோரிஸும் மைக் ஃபிளானகனும் நேருக்கு நேர் வீசினார்கள். ஃபிளானகன் மட்டும் பதினொரு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். 2-2 என்று பன்னிரண்டாம் இன்னிங்ஸுக்குப் போனது ஆட்டம். பேஸ்கள் மூன்றும் நிறைந்திருக்க, டிராமெல் தரையோடு அடித்த பந்து டொரான்டோ ஷார்ட்ஸ்டாப் மேனி லீயைத் தாண்டிப் புல்வெளிக்குள் ஓடியது. டொரான்டோவின் வழக்கமான ஷார்ட்ஸ்டாப் டோனி ஃபெர்னாண்டஸ் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை டொரான்டோ ரசிகர்கள் இன்றும் கேட்பதுண்டு. அவர் ஒன்பது நாட்களுக்கு முன், டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆட்டத்திலேயே, டபுள் பிளே முயற்சியில் காயமடைந்து வெளியேறியிருந்தார். மறுநாள் ஃபிராங்க் தனானா 1-0 என்று வென்று பிரிவுப் பட்டத்தை முடித்துவைத்தார். லீக் இறுதித் தொடரில் மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றது வேறு கதை. அதில் டிராமெலும் சோபிக்கவில்லை.

அந்த ஆண்டின் எம்.வி.பி. (லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது அவரிடமிருந்து பறிக்கப்பட்டதா?

'பறிக்கப்பட்டது' என்ற சொல் கொஞ்சம் அதிகம். 28 எழுத்தாளர்கள் வாக்களித்தார்கள். டொரான்டோவின் ஜார்ஜ் பெல் 332 புள்ளிகளும் டிராமெல் 311 புள்ளிகளும் பெற்றார்கள். முதலிட வாக்குகள் 16-க்கு 12. பெல்லின் சராசரி .308, ஹோம் ரன் 47, ரன் ஈட்டல் 134. அக்காலத்தின் கண்களுக்கு 47-உம் 134-உம் வாதத்தை முடித்துவைக்கும் எண்கள்.

என் கருத்தில் அந்தத் தீர்ப்பு தவறு. பெல் இடது அவுட்ஃபீல்டில், களத்தின் எளிய இடங்களுள் ஒன்றில், சுமாராக ஆடியவர். டிராமெல் மிகக் கடினமான இடத்தில் நின்றுகொண்டு, அதிகச் சராசரியோடும் அதிக ஓட்டத் திறனோடும் ஆடியவர். பட்டப் போட்டியின் கடைசி வாரத்தில் பெல்லின் மட்டை ஓய்ந்துபோனது, டிராமெலின் மட்டை ஓயவில்லை. ஒரு வீரர் சாதாரண மாற்று வீரரைவிட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று கணக்கிடும் டபிள்யூ.ஏ.ஆர். அளவீட்டில் டிராமெலின் அந்த ஆண்டு மதிப்பு 8-ஐத் தாண்டுகிறது, பெல்லின் மதிப்பு 5 அளவில் நிற்கிறது. ஆனால் 1987-இல் அப்படியோர் அளவீடு வாக்காளர்களின் மேசையில் இல்லை. இந்த 21 புள்ளிகளுக்குப் பின்னால் அவர் கொடுத்த விலை பெரிது. எம்.வி.பி. பெற்ற ஷார்ட்ஸ்டாப் என்ற ஒற்றை வரி அவர் பெயருக்குப் பின்னால் இருந்திருந்தால், அடுத்து வந்த பல வாக்கெடுப்புகளின் போக்கே மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

காயங்கள் அவரை எவ்வளவு பாதித்தன?

நிறையவே. 1984-இல் தோள், அந்த சீசன் முடிந்ததும் தோளிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை, 1992-இல் கணுக்கால் முறிவு. அந்த 1992-இல் அவர் 29 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். 1990-இல் .304 சராசரியும் 89 ரன் ஈட்டலும் இருந்தவருக்கு அதுவே முழுமையான கடைசி ஆண்டு. 1993-இல் 112 ஆட்டங்களில் .329 அடித்து ஒருமுறை மீண்டார். அதற்குப் பின் 1996 வரை பகுதி நேர வீரர்தான். 2,500 ஹிட், 200 ஹோம் ரன் போன்ற வட்டமான எண்களை அவர் எட்டாமல் போனதற்கு இந்த ஐந்து ஆண்டுகளே காரணம்.

அவர் குறைத்து மதிப்பிடப்பட்டதற்கு முக்கியமான காரணம் எது?

எதிலும் அவர் முதலாவது இல்லை, எல்லாவற்றிலும் முன்வரிசையில் இருந்தார் என்பதே காரணம். ஃபீல்டிங் என்றால் ஓஸி ஸ்மித்: 13 கோல்டு குளோவ்கள், காற்றில் மிதப்பது போன்ற ஆட்டம். பலமான பேட்டிங் என்றால் கால் ரிப்கன்: 431 ஹோம் ரன்கள், இரண்டு எம்.வி.பி., தொடர்ந்து 2,632 ஆட்டங்கள். டிராமெல் ஸ்மித்தைவிட மிக நன்றாகப் பேட் செய்தார், ரிப்கனைவிட நன்றாக ஓடினார். ஆனால் இப்படி 'இவரைவிட அது, அவரைவிட இது' என்று விளக்க வேண்டிய வீரருக்கு வாக்குக் கேட்பது கடினம். ஒரே எண்ணில் சொல்லிவிடக்கூடிய புகழ் அவரிடம் இல்லை.

காலமும் அவருக்கு எதிராக நின்றது. அவர் ஓய்வு பெற்ற 1996-ஆம் ஆண்டிலேயே டெரெக் ஜெட்டரும் அலெக்ஸ் ராட்ரிகஸும் முழுநேர ஷார்ட்ஸ்டாப்புகளாக நிலைபெற்றார்கள், மறு ஆண்டு நோமர் கார்சியபாரா வந்தார். ஷார்ட்ஸ்டாப்புகள் ஆண்டுக்கு 30, 40 ஹோம் ரன்கள் அடித்த காலம் அது. ஊக்கமருந்தின் நிழல் விழுந்த அந்தப் பெருத்த எண்களோடு ஒப்பிட்டு, 1980-களின் அடக்கமான எண்களை வாக்காளர்கள் எடைபோட்டார்கள். ஒரு தலைமுறை முன்னால் வந்திருந்தால் தனித்துத் தெரிந்திருப்பார்.

பேரி லார்கினோடு அவரை ஒப்பிடுவது சரியா?

சரி மட்டுமல்ல, மிகவும் பயனுள்ள ஒப்பீடும்கூட. சின்சினாட்டியின் லார்கின் 2,340 ஹிட், 198 ஹோம் ரன், .295 சராசரி வைத்திருந்தார். டபிள்யூ.ஏ.ஆர். கணக்கில் லார்கின் 70.5, டிராமெல் 70.7. பேட்டிங்கில் லார்கின் சற்று மேல், அவருடைய 379 பேஸ் திருட்டுகளும் அதிகம். மொத்த மதிப்பில் இருவரும் ஏறக்குறைய ஒருவரே. லார்கின் 2012-இல், மூன்றாவது முயற்சியில், 86.4 விழுக்காடு வாக்குகளோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். அதே வாக்கெடுப்பில் டிராமெலுக்குக் கிடைத்தது 36.8 விழுக்காடு. லார்கினிடம் 1995 எம்.வி.பி. இருந்தது. மேலே சொன்ன ஒற்றை வரியின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு விழுக்காடுகளைக் காட்டலாம்.

ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் பதினைந்து ஆண்டுகள் என்ன நடந்தது?

ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த வீரர்களுக்கு, அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். 75 விழுக்காடு கிடைத்தால் தேர்வு, 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து நீக்கம். டிராமெலின் முதல் ஆண்டு 2002. அதே பட்டியலில் ஓஸி ஸ்மித்தும் முதன்முறையாக இருந்தார். ஸ்மித் 91.7 விழுக்காடு பெற்றார், டிராமெல் 15.7. ஒரே தாளில் இருவரையும் பார்த்தவர்கள், 'ஹால் ஆஃப் ஃபேம் ஷார்ட்ஸ்டாப் இவர். மற்றவர் அடுத்த படி' என்று அன்றே முடிவு செய்துவிட்டதாகவே தோன்றுகிறது. 2007-இல் 13.4 விழுக்காடு வரை இறங்கினார்.

புதிய அளவீடுகளைப் படிக்கும் எழுத்தாளர்கள் பெருகப் பெருக வாக்குகளும் ஏறின. ஆனால் 2014-இல் மீண்டும் 20.8-க்குச் சரிந்தார். அதற்குக் காரணம் அவர் அல்லர். ஒரு வாக்காளர் அதிகபட்சம் பத்துப் பேரை மட்டுமே தேர்வு செய்ய முடியும். அந்த ஆண்டுகளில் கிரெக் மேடக்ஸ் போன்ற மறுக்க முடியாத புதியவர்களும், ஊக்கமருந்துச் சர்ச்சையால் தேங்கி நின்ற பேரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ் போன்றவர்களும் சேர்ந்து பட்டியலை அடைத்துக்கொண்டார்கள். 2016 அவருடைய பதினைந்தாவது ஆண்டு, கடைசி ஆண்டும் அதுதான். 40.9 விழுக்காடு கிடைத்தது. அவருடைய உச்சம் அதுவே, தேவையானதில் பாதியை அது சற்றே தாண்டியது.

பிறகு எப்படித் தேர்வானார்?

எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களை மறுபரிசீலனை செய்ய, முன்னாள் வீரர்களும் நிர்வாகிகளும் வரலாற்றாளர்களும் அடங்கிய 16 பேர் குழுக்கள் உண்டு. 2017 டிசம்பரில் கூடிய நவீன காலக் குழுவில் டிராமெல் 13 வாக்குகளும் அவருடைய அணித்தோழர் ஜாக் மோரிஸ் 14 வாக்குகளும் பெற்றார்கள். 12 இருந்தால் போதும். 2001-இல் பில் மாஸரோஸ்கி தேர்வானதற்குப் பிறகு, உயிரோடிருக்கும் வீரர் ஒருவரை இத்தகைய குழு தேர்ந்தெடுத்தது அதுவே முதன்முறை. 2018 ஜூலை 29 அன்று ஹால் ஆஃப் ஃபேம் அமைந்த கூப்பர்ஸ்டவுனில் சிப்பர் ஜோன்ஸ், விளாடிமிர் கெரேரோ, ஜிம் தோமி, டிரெவர் ஹாஃப்மன், மோரிஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் கௌரவிக்கப்பட்டார்.

டைகர்ஸ் அணி அவருடைய எண்ணுக்கு ஏன் அவ்வளவு தாமதமாக ஓய்வு கொடுத்தது?

ஓர் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தால், அதன் பிறகு அந்த அணியில் வேறு யாரும் அதை அணிய மாட்டார்கள். வில்லி ஹார்ட்டன் என்ற ஒரு விதிவிலக்கு தவிர, ஹால் ஆஃப் ஃபேமுக்குள் சென்ற வீரர்களின் எண்களுக்கே ஓய்வு என்பது அக்காலத்தில் அணியின் வழக்கம். அதனால் அவருடைய 3-ஆம் எண் சட்டையை இடையில் கேரி ஷெஃபீல்டும் இயன் கின்ஸ்லரும் அணிந்து ஆடினார்கள். 2018 ஆகஸ்ட் 26 அன்று அந்த எண் ஓய்வு பெற்றது.

மேலாளராக அவர் தோல்வியா?

வெற்றி தோல்விக் கணக்கில், ஆம். 2003 முதல் 2005 வரை டைகர்ஸின் மேலாளராக 186 வெற்றி, 300 தோல்வி. 2003-இல் 43-119 என்பது அமெரிக்கன் லீக்கின் புதிய தோல்விச் சாதனை. அதை 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 தோல்விகளோடு முந்தியது. ஆனால் அந்த 2003 அணியை வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் சரியான வீரர்களைச் சேர்க்காத நிர்வாகத்தின் விளைச்சல் அது. மைக் மாராத் என்ற இளம் பிட்சர் அந்த ஆண்டு 21 ஆட்டங்களில் தோற்றார்.

120 தோல்விகளைத் தொட்டு 1962 நியூயார்க் மெட்ஸ் அணியின் நவீன காலச் சாதனையைச் சமன் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்த கடைசி வாரத்தில், அந்த அணி ஆறில் ஐந்து ஆட்டங்களை வென்றது. செப்டம்பர் 27 அன்று மினசோட்டாவிடம் 8-0 என்று பின்தங்கியிருந்து 9-8 என்று வென்றதும் அந்த வாரத்தில்தான். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜிம் லேலண்ட் 2006-இலேயே அணியை வேர்ல்டு சீரீஸுக்குக் கொண்டுசென்றது, ஒப்பீட்டை டிராமெலுக்கு இன்னும் கசப்பாக்கியது. வீரராக அவரை மதிப்பிடுபவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைக் கலக்க வேண்டியதில்லை. ஆனால் வாக்களித்தவர்களின் மனத்தில் அந்த ஆண்டுகளில் அவர் முகத்தோடு ஒட்டியிருந்தது தோல்விதான் என்பதையும் மறுக்க முடியாது.

டெரெக் ஜெட்டரைவிட டிராமெல் சிறந்தவரா?

பேட்டிங்கில் இல்லை. ஜெட்டரின் 3,465 ஹிட்டுகளுக்கு முன் இந்த வாதம் நிற்காது. ஷார்ட்ஸ்டாப்பின் முதல் வேலையான ஃபீல்டிங்கில், ஐயமில்லாமல் டிராமெல்.

விட்டேகரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்க வேண்டாமா?

இருக்க வேண்டும். டிராமெலுக்கு நடந்தது தாமதம் என்றால், விட்டேகருக்கு நடந்ததை அலட்சியம் என்றே சொல்வேன். 2001-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 2.9 விழுக்காடு மட்டுமே பெற்றுப் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்பட்டார். டிராமெலுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்த விவாதம் இவருக்கு ஓர் ஆண்டுகூடக் கிடைக்கவில்லை. விட்டேகரின் ஹிட்டுகள் 2,369, டிராமெலைவிட நான்கு அதிகம். ஹோம் ரன்கள் 244. டபிள்யூ.ஏ.ஆர். 75.1, இதிலும் டிராமெலைவிட மேல். 1978-இன் சிறந்த புதுமுக வீரர் விருதும் மூன்று கோல்டு குளோவ்களும் அவருக்கு உண்டு.

கூப்பர்ஸ்டவுன் உரையில் விட்டேகரும் ஒருநாள் அந்த மேடைக்கு வர வேண்டும் என்ற தன் விருப்பத்தை டிராமெல் வெளிப்படையாகச் சொன்னார். 2019 டிசம்பரில் அதே நவீன காலக் குழு விட்டேகரின் பெயரைப் பரிசீலித்தபோது 16-இல் 6 வாக்குகள் கிடைத்தன. டைகர்ஸ் நிர்வாகம் தன் பழைய வழக்கத்தைத் தளர்த்தி, ஹால் ஆஃப் ஃபேமுக்குக் காத்திராமல், 2022 ஆகஸ்ட் 6 அன்று அவருடைய 1-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. டிராமெலின் தகுதியை ஏற்றுக்கொண்ட எவரும், அதே எண்களை வைத்துக்கொண்டு விட்டேகரை மறுப்பதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும்.